விரைவு மருந்தும் தொழிலாளர் நேரமும்: மருந்துக்கு அடங்காத மனச்சோர்வில் கெட்டமைன் – திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அறுவைச் சிகிச்சைக்கான மயக்க மருந்தாக 1970ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ள கெட்டமைன், கடந்த கால் நூற்றாண்டில் மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கான சிகிச்சையாக வளர்ந்துள்ளது. இம்மாற்றத்தின் வரலாற்றையும், இந்தியச் சட்டத்தில் இம்மருந்து பெற்ற இடத்தையும், திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தின் உழைப்பு ஒழுங்கையும் இக்கட்டுரை இணைத்து நோக்குகிறது. 'மருந்துக்கு அடங்காமை' என்னும் வகைப்பாடு, முறையான சிகிச்சை முன்னரே கிடைத்திருப்பதை அடிப்படையாகக் கொண்டது. ஷிப்ட் கணக்கிலும் பீஸ் ரேட்டிலும் வாழும் தொழிலாளருக்கு அவ்வடிப்படையே உறுதியாக இல்லை. சில மணி நேரத்தில் பயன் தரும் கெட்டமைன், நோயாளியின் நேரத்தை மிகுதியாகக் கோரும் சிகிச்சை என்பதும், அதன் பயன் தொழிலாளர் காப்பீட்டின் விதிகளைப் பொறுத்தே அமையும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: கெட்டமைன், மனச்சோர்வு, மருத்துவ வரலாறு, திருப்பூர், பின்னலாடைத் தொழில், தொழிலாளர் காப்பீடு, மனநலச் சட்டம்

1. முன்னுரை

மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஒரு வேதிப்பொருளைக் கண்டறிந்தவர், அதனை முதலில் மனிதருக்குச் செலுத்தியவர், ஒப்புதல் வழங்கிய அமைப்பு ஆகியவை அவ்வரலாற்றின் நிலைக்களன்கள். ஒரு மருந்து ஓர் ஊரை எவ்வாறு அடைகிறது, அல்லது எவ்வாறு அடையாமல் போகிறது என்பதை அறிய அவ்வூரின் தொழில், கூலி, விடுப்பு ஆகியவற்றின் வரலாறும் தேவைப்படுகிறது.

இந்தியத் தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015–16ஆம் ஆண்டுகளில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தால் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்தப்பட்டது. மனச்சோர்வு, பதற்றம் முதலிய பரவலான மனநலக் கோளாறுகள் உடையோரில் 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்று அக்கணக்கெடுப்பு தெரிவித்தது. தேசியக் குற்றப் பதிவு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி தற்கொலையால் இறந்தோர் எண்ணிக்கையில் மகாராட்டிரத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு (19,834 பேர்) இருந்தது. நாடு முழுவதும் அவ்வாறு இறந்தோரில் நான்கில் ஒருவருக்கு மேற்பட்டோர் தினக்கூலித் தொழிலாளர். இவ்விரு தரவுகளும் சேர்ந்து நிற்கும் சூழலில், கடுமையான மனச்சோர்வை ஒரே நாளில் தணிக்கும் மருந்து என்று பேசப்படும் கெட்டமைன், ஒரு தொழில்நகரத்தின் தொழிலாளருக்கு என்ன பொருள் தரும் என்பது வரலாற்று நோக்கில் ஆராயத்தக்கது.

2. மனச்சோர்வு மருந்துகளும் 'அடங்காமை' என்னும் கருத்தும்

மனச்சோர்வுக்கான நவீன மருந்துகளின் கதையில் இந்தியாவுக்கு ஒரு முதன்மைப் பங்கு உண்டு. சர்ப்பகந்தா வேர் இரத்த அழுத்தத்தையும் மனக்கொந்தளிப்பையும் தணிப்பதைக் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் 1931ஆம் ஆண்டு எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949ஆம் ஆண்டு பிரித்தானிய இதயவியல் இதழில் வெளியிட்ட கட்டுரை அவ்வேரை உலக மருத்துவத்தின் கவனத்துக்குக் கொண்டுசென்றது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் அதிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். ரெசர்பின் உட்கொண்டோரில் சிலருக்கு மனச்சோர்வு தோன்றியதும், அம்மருந்து மூளையில் செரட்டோனின் முதலிய அமைன்களைக் குறைப்பதும் அடுத்த சில ஆண்டுகளில் அறியப்பட்டன. அமைன்கள் குறைவதே மனச்சோர்வின் காரணம் என்னும் கோட்பாடு இதனை ஒரு தூணாகக் கொண்டு எழுந்தது.

மற்றொரு தூண் 1957இல் அமைந்தது. காசநோய் மருந்தான இப்ரோனியாசிட் மனச்சோர்வைத் தணிப்பதை அமெரிக்காவில் நேதன் கிளைனும், இமிப்ரமின் அவ்வாறே செயற்படுவதைச் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூனும் அறிவித்தனர். பின்னர் வந்த ஃபுளூயாக்சிடின் வரை, வழக்கிலுள்ள மருந்துகளில் பெரும்பாலானவை அமைன்களின் வழியிலேயே செயற்படுவன. இவற்றின் பயன் முழுமையாகத் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

இம்மருந்துகளால் பயன் பெறாதோரைத் தனி வகையாகக் காணும் முயற்சியும் விரைவிலேயே தொடங்கியது. கனடாவில் பணியாற்றிய ஹைன்ஸ் லேமன் 1974ஆம் ஆண்டு சிகிச்சைக்கு அடங்காத மனச்சோர்வுகளை வகைப்படுத்தி எழுதினார். 1997இல் தேஸ், ரஷ் ஆகியோர் அதனைப் படிநிலைகளாகப் பகுத்தனர். இன்று பெரும்பாலும் ஏற்கப்படும் வரையறை எளிமையானது: போதிய அளவிலும் போதிய காலத்துக்கும் இரு வேறு மருந்துகளை உட்கொண்ட பின்னரும் மனச்சோர்வு தணியாவிடின், அது மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு எனப்படும்.

இவ்வரையறையில் 'போதிய' என்னும் சொல்லே மையமானது. அமெரிக்காவில் நான்காயிரம் நோயாளிகளுக்கு மேல் சேர்க்கப்பட்ட 'ஸ்டார்-டி' ஆய்வின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். நான்கு கட்டச் சிகிச்சையின் முடிவில் ஏறத்தாழ 67 விழுக்காட்டினர் நோய் நீங்கப் பெறுவர் என 2006இல் அறிவிக்கப்பட்டது. எவரும் இடையில் விலகாமல் இருந்திருந்தால் என்னும் அனுமானத்தின் மேல் கணக்கிட்ட எண் அது. ஆய்வின் தொடக்கத் திட்டத்தில் குறித்த முறைப்படி 2023இல் வேறு ஆய்வாளர்கள் அத்தரவுகளை மீளக் கணக்கிட்டபோது அவ்வெண் 35 விழுக்காடாகக் குறைந்தது. மருந்து பயன்படாமையும் மருந்தைத் தொடர முடியாமையும் ஒரே கணக்கில் கலந்துவிடக்கூடியவை என்பதை இது காட்டுகிறது. வசதி மிக்க ஆய்வுச் சூழலிலேயே இந்நிலை எனில், மாதந்தோறும் இடம்பெயரும் தொழிலாளரிடம் இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

3. அறுவை அரங்கிலிருந்து மனநலப் பிரிவுக்கு

கெட்டமைனை 1962ஆம் ஆண்டு அமெரிக்க வேதியியலாளர் கால்வின் ஸ்டீவன்ஸ் பார்க்-டேவிஸ் நிறுவனத்துக்காக உருவாக்கினார். எட்வர்ட் டொமினோவும் குந்தர் கோர்சனும் 1964இல் மிச்சிகன் மாநிலச் சிறைக் கைதிகளிடம் அதனை முதலில் சோதித்தனர். தம் உடலிலிருந்து தாம் விலகி நிற்பதாக அவர்களுக்குத் தோன்றியதால், இம்மருந்து 'பிரிநிலை மயக்க மருந்து' எனப் பெயர் பெற்றது. 1970இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் பெரிதும் தாழ்த்தாமை, தசை வழியாகவும் செலுத்த இயலுதல், விலைக் குறைவு ஆகிய இயல்புகள் சிறிய மருத்துவமனைகளுக்கு ஏற்றவை. உலக நலவாழ்வு நிறுவனம் 1985 முதல் இதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் வைத்துள்ளது. இந்தியாவின் சிறுநகர அறுவை அரங்குகளில் அரை நூற்றாண்டாகப் பழகிய மருந்து இது.

மனநலத் துறையில் இம்மருந்தின் பயன்பாடு மேலைநாட்டில் மட்டும் தொடங்கியதன்று. ஈரானில் கொரம்சாதே, லொட்ஃபி ஆகிய மருத்துவர்கள் மனநல மருத்துவமனையின் நோயாளிகள் 100 பேருக்கு இதனைச் செலுத்திய அனுபவத்தை 1973இல் வெளியிட்டனர். எனினும், 2000ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த சிறிய ஆய்வே திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. உடல் எடையின் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராம் வீதம் 40 நிமிடத்தில் சிரை வழியாகச் செலுத்திய மருந்து, மூன்று நாட்களுக்குள் மனச்சோர்வைத் தணித்தது. அதில் பங்கேற்றோர் பத்துக்கும் குறைவானோரே. 2006இல் கார்லோஸ் சராத்தே குழுவினர் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் 18 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், மறுநாள் 71 விழுக்காட்டினர் பயன் பெற்றனர். அப்பயன் ஒரு வாரமேனும் நீடித்தது 35 விழுக்காட்டினருக்கே.

கெட்டமைன் முதன்மையாகச் செயற்படுவது குளூட்டமேட்டின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளின் மீது. ஆகவே, அமைன் கோட்பாடு மனச்சோர்வின் முழு விளக்கம் அன்று என்பதை இம்மருந்து வலியுறுத்தியது.

அடுத்த கட்டச் சோதனைகள் கலவையான படத்தைத் தருகின்றன. மருந்தின் விளைவை நோயாளி உடனே உணர்ந்துவிடுவதால் வெற்றுமருந்துடன் ஒப்பிடுவது கடினம். எனவே 2013இல் மிடசொலாம் என்னும் உறக்க மருந்துடன் ஒப்பிட்டனர். ஒரு நாளுக்குப் பின் கெட்டமைன் பெற்றோரில் 64 விழுக்காட்டினரும் மிடசொலாம் பெற்றோரில் 28 விழுக்காட்டினரும் முன்னேறினர். மின்னதிர்வுச் சிகிச்சையுடன் ஒப்பிட்ட ஆய்வுகள் இரு வேறு விடைகள் தந்தன. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரிடம் சுவீடன் நாட்டில் நிகழ்ந்து 2022இல் வெளிவந்த ஆய்வில் மின்னதிர்வுச் சிகிச்சை மேம்பட்டு நின்றது (63க்கு 46 விழுக்காடு). மனப்பிறழ்வுக் குறிகள் இல்லாத நோயாளிகளிடம் அமெரிக்காவில் நிகழ்ந்து 2023இல் வெளிவந்த ஆய்வில் கெட்டமைன் தாழவில்லை (55க்கு 41 விழுக்காடு). நெடுங்காலம் மிகுதியாகப் பயன்படுத்துவோருக்குச் சிறுநீர்ப்பை சிதைவதும், பழக்கத்துக்கு அடிமையாதல் நேர்வதும் அறியப்பட்ட தீங்குகள்.

4. இந்தியச் சட்டத்தில் இரு முகங்கள்

இரண்டாயிரத்துக்குப் பின் இந்தியாவில் கெட்டமைன் பொது வெளியில் பேசப்பட்டது பெரும்பாலும் கடத்தல் செய்தியாகவே. சென்னை விமான நிலையத்தின் வழியாகத் தென்கிழக்காசிய நாடுகளுக்குக் கடத்த முயன்ற கெட்டமைன் பலமுறை பறிமுதல் செய்யப்பட்டது. 2011 பிப்ரவரியில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் இம்மருந்து சேர்க்கப்பட்டது. 2013 டிசம்பரில் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணைக்கும் வந்தது. அதன்படி மருந்துச் சீட்டு இரு படிகளில் எழுதப்பட வேண்டும். ஒரு படியை மருந்து விற்பவர் இரண்டாண்டுகள் காத்துவைக்க வேண்டும்.

இதே காலத்தில் உலக அளவிலும் கட்டுப்பாடு குறித்த விவாதம் எழுந்தது. கெட்டமைனைப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவரச் சீனா முன்மொழிந்தது. ஏழை நாடுகளின் அறுவைச் சிகிச்சை பாதிக்கப்படும் என்று கூறி உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு அதனை ஏற்கவில்லை. 2015இல் அம்முடிவு ஒத்திவைக்கப்பட்டது.

மனநலச் சட்டமும் இக்காலத்தில் மாறியது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் இன்றி மின்னதிர்வுச் சிகிச்சை அளிப்பதைத் தடை செய்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே முதலில் கருதப்பட வேண்டும் என்றும், அவருக்குப் பராமரிப்பு வழங்குவது அரசின் கடமை என்றும் விதித்தது. எனவே மயக்கவியல் வல்லுநரின் துணை, கடும் மனச்சோர்வுச் சிகிச்சையின் சட்டப்படியான தேவையாயிற்று. அத்துணை இருக்கும் மருத்துவமனையில் கெட்டமைனும் ஏற்கனவே இருக்கும். மருந்தின் இருப்பு இங்குத் தடையன்று என்பது இதனால் பெறப்படும்.

5. திருப்பூரில் நேரம் என்னும் கூலி

1970களின் இறுதி வரை பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்கு பனியன் தைத்த திருப்பூர், அதன் பின்னர் ஏற்றுமதி நகரமாக வளர்ந்தது. இவ்வளர்ச்சியில் உழைப்பு பல துண்டுகளாகப் பிரிந்தது. கட்டிங், டைலரிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங், கைமடி என ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் கூலி உண்டு. பெரிய கம்பெனியின் ஆர்டரை ஒப்பந்தக்காரர்களும் பவர் டேபிள் கூடங்களும் பகிர்ந்து முடிப்பர். ஆர்டர் மிகும் காலத்தில் ஒன்றரை ஷிப்ட் வேலை இயல்பானது. பீஸ் ரேட்டில் வேலை செய்வோருக்கு இயந்திரத்தின் முன் இல்லாத நேரம் கூலி இல்லாத நேரம்.

இவ்வூரில் தொழிலாளர் தம் வாழ்க்கைச் செலவுக்காகக் கூட்டாகப் போராடிய மரபு வலுவானது. பஞ்சப்படிக்காக 1984இல் நடந்த 127 நாள் வேலைநிறுத்தம் அதன் உச்சம். பின்னர் வந்த நெருக்கடிகள் வேறு வகையின. நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று பிறப்பித்த ஆணையால் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நூல் விலை ஏற்றமும் அதனுடன் சேர்ந்தது. திருப்பூரின் தற்கொலைகள் செய்தித்தாள்களில் அடிக்கடி இடம்பெற்றதும் அக்காலத்தில்தான். வடமாநிலத் தொழிலாளரின் வருகையும், விடுதியில் தங்கி நூற்பாலைகளில் வேலை செய்யும் இளம்பெண்களின் 'சுமங்கலித் திட்டம்' பற்றிய விவாதமும் இவ்வட்டாரத்தின் மனநலக் கேள்வியை விரிவாக்கின. மொழி தெரியாத ஊரில் மருத்துவரிடம் மனத்துயரைச் சொல்வதும், விடுதியிலிருந்து தனியே வெளியே செல்வதும் எளியவை அல்ல.

அரசு மருத்துவ வசதியும் மெதுவாகவே வளர்ந்தது. தேசிய மனநலத் திட்டம் 1982இல் தொடங்கியது; மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிப் படிப்படியாகப் பிற மாவட்டங்களுக்கு விரிந்தது. திருப்பூர் தனி மாவட்டமானது 2009இல். அங்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் உயர்நிலைச் சிகிச்சைக்குக் கோயம்புத்தூரே நாடப்பட்டது.

6. காப்பீட்டு விதியும் சிகிச்சையின் கால அட்டவணையும்

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டில் 1955 ஜனவரியில் கோயம்புத்தூரில் தொடங்கியது. கொங்கு மண்டலத்தின் ஆலைத் தொழிலாளரே இம்மாநிலத்தில் அதன் முதற் பயனாளிகள். இன்று பத்துப் பேருக்குக் குறையாதோர் வேலை செய்யும் இடங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை கூலி பெறுவோருக்கு அது பொருந்தும். நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 விழுக்காட்டுக் கூலி கிடைக்கும்.

மனச்சோர்வு இத்திட்டத்துக்குப் புதிதன்று. நீண்டகால நோய்கள் 34 அடங்கிய பட்டியலில் மனப்பிறழ்வுகள் என்னும் தலைப்பின் கீழ் 'உள்ளார்ந்த மனச்சோர்வு' இடம்பெற்றுள்ளது. அப்பட்டியலில் உள்ள நோய்க்கு 80 விழுக்காட்டுக் கூலி இரண்டாண்டு வரை கிடைக்கலாம். இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, 'உள்ளார்ந்த' என்னும் அடைமொழி. வாழ்க்கைச் சூழலால் எழும் மனச்சோர்வையும் உடலுக்குள்ளிருந்து தோன்றும் மனச்சோர்வையும் இரண்டாகப் பிரித்த பழைய மருத்துவத்தின் சொல் அது. 1980ஆம் ஆண்டின் அமெரிக்க நோய்ப் பகுப்பு அப்பிரிவினையை மையத்திலிருந்து அகற்றியது. கடனாலும் வேலையிழப்பாலும் நோயுற்ற தொழிலாளர் அச்சொல்லுக்குள் அடங்குவாரா என்பது விளக்கம் தருவோரைப் பொறுத்ததாகிறது. இரண்டாவது, இப்பயனைப் பெற இரண்டாண்டுத் தொடர் பணியும், நான்கு பங்களிப்புப் பருவங்களில் 156 நாள் பங்களிப்பும் வேண்டும். கம்பெனி மாறி மாறி வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு இத்தொடர்ச்சியை மெய்ப்பிப்பது கடினம். சிறு பவர் டேபிள் கூடத்தில் இருப்பவர் திட்டத்துக்கே வெளியில் நிற்கிறார்.

இப்பின்புலத்தில் கெட்டமைனின் கால அட்டவணையை வைத்துப் பார்க்கலாம். அதன் ஒரு பாதியான எஸ்கெட்டமைன் மூக்குத் தெளிப்பு வடிவில் 2019 மார்ச்சில் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. அங்கு வகுத்த முறைப்படி முதல் நான்கு வாரங்கள் வாரம் இருமுறையும், அடுத்த நான்கு வாரங்கள் வாரம் ஒருமுறையும் மருந்து செலுத்தப்படும். ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரமேனும் மருத்துவக் கண்காணிப்பு வேண்டும். நல்லுறக்கத்துக்குப் பின் மறுநாள் வரை வண்டியோ இயந்திரமோ இயக்கக்கூடாது. இரண்டு மாதத்தில் 12 வருகைகள் எனில், ஓவர்லாக் இயந்திரத்தில் அமரும் தொழிலாளருக்கு அது ஏறத்தாழ 12 நாள் கூலி. இந்தியாவில் மயக்க மருந்தாகக் கிடைக்கும் விலை குறைந்த கெட்டமைனைச் சிரை வழியாகச் செலுத்தினாலும் கண்காணிப்பு நேரம் பெரிதும் மாறாது. மருந்தின் விலை மட்டுமே மாறும்.

இங்கு ஒரு முரண் வெளிப்படுகிறது. ஆறு வாரம் காத்திருக்க இயலாதவருக்கு ஒரு நாளில் பயன் தரும் மருந்து மிகவும் பொருத்தமானதாகத் தோன்றும். தற்கொலை எண்ணம் மேலிடும் வேளையில் அவ்விரைவு உயிர் காக்கவும் கூடும். ஆயினும் பயன் சில நாட்களில் மங்குவதால் மருந்தை மீண்டும் மீண்டும் செலுத்த வேண்டியுள்ளது. மூளையில் விரைந்து செயற்படும் மருந்து தொழிலாளரின் நாட்காட்டியில் நீண்டு கிடக்கிறது. மாறாக, மெதுவாகச் செயற்படும் ஃபுளூயாக்சிடின் மாத்திரை வீட்டிலேயே உட்கொள்ளத்தக்கது. மாதம் ஒருமுறை மருத்துவரைக் காண்பதே பெரும்பாலோருக்குப் போதும். அம்மாத்திரையும் இடையில் நின்றுபோனால், இரு மருந்துகளை முறையாக உட்கொண்டு பார்த்த நிலையையே நோயாளி எட்டுவதில்லை. அவருடைய நோய் மருந்துக்கு அடங்காததா, மருந்து அவரை அடையவில்லையா என்பது தெரியாமலே போகும்.

7. முடிவுரை

கெட்டமைனின் அறுபதாண்டு வரலாற்றில் ஒரே பொருள் மயக்க மருந்து, கடத்தற்பொருள், மனச்சோர்வு மருந்து என மூன்று நிலைகளைப் பெற்றது. தமிழ்நாட்டில் முதல் இரண்டு நிலைகளும் நன்கு வேரூன்றியவை. மூன்றாம் நிலை வேரூன்றுவதற்கு மருந்தின் இருப்போ வல்லுநரின் அறிவோ மட்டும் போதாது என்பதைத் திருப்பூரின் வரலாறு உணர்த்துகிறது.

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. ஒன்று, மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு என்னும் வகைப்பாட்டைத் தொழில் வட்டாரங்களில் பயன்படுத்தும்போது, முந்தைய சிகிச்சை நின்றதன் காரணமும் பதிவு செய்யப்பட வேண்டும். கூலி இழப்பால் நின்ற சிகிச்சை தோற்ற சிகிச்சை ஆகாது. இரண்டு, காப்பீட்டுப் பட்டியலில் உள்ள 'உள்ளார்ந்த மனச்சோர்வு' என்னும் பழைய சொல்லும் இரண்டாண்டுத் தொடர் பணி என்னும் விதியும் இன்றைய மருத்துவத்துக்கும் இன்றைய ஒப்பந்த உழைப்புக்கும் ஏற்ப மறு ஆய்வுக்கு உரியவை. மூன்று, சிகிச்சைக்கான நேரத்துக்குக் கூலி உறுதி செய்யப்படாத வரை, எத்துணை விரைவான மருந்தும் தொழிலாளருக்குத் தொலைவிலேயே நிற்கும். பஞ்சப்படிக்காக 127 நாள் நின்ற ஊரில், சிகிச்சை நாளின் கூலியும் ஒப்பந்தப் பேச்சில் இடம்பெறத்தக்க பொருளே. பின்னலாடை வட்டாரத்தின் மனநல வரலாற்றைத் தொழிற்சங்க ஆவணங்கள், காப்பீட்டு மருந்தகப் பதிவேடுகள், தொழிலாளரின் வாய்மொழி ஆகியவற்றைக் கொண்டு விரிவாக எழுதுவதற்கான களம் ஆய்வாளர்களுக்குத் திறந்தே உள்ளது.